சங்கக் கணக்கும் பாங்குக் கணக்கும் பேசிக்கொள்வது எப்படி?

காவிரியின் கடைமடையில் உள்ள சுரக்குடியில் ஒரு குடியானவர், சம்பா நெல் விற்ற பணத்தைக் கொண்டுவந்து, தாம் பெற்ற ஒரு லட்ச ரூபாய்ப் பயிர்க்கடனைத் தவணை முடியும் நாளன்று மாலையில் சங்கத்தில் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுத்தர் பணத்தை எண்ணி வாங்கி ரசீதும் கொடுத்துவிடுகிறார். சங்கத்தின் கணிப்பொறியில் வரவு ஏறிவிட்டது. ஆயின் அன்று தொலைத்தொடர்புக் கம்பி அறுந்திருந்தபடியால், அந்த வரவுச் செய்தி பாங்கின் கணிப்பொறியைச் சென்றடைய மூன்று நாட்கள் ஆயின. பாங்கின் ஏடோ, செய்தி தன்னிடம் வந்து சேர்ந்த நாளையே பணம் கட்டிய நாளாகக் குறித்துக்கொண்டது.

இதனால் விளையும் நஷ்டம் எவ்வளவு? மத்திய அரசின் வட்டி மானியத் திட்டத்தில், 3 லட்சம் ரூபாய் வரையிலான குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு வட்டி நூற்றுக்கு 7. தவணைக்குள் கட்டுவோருக்கு அதில் 3 குறைகிறது. ஓராண்டுக்கு வைத்துக் கணக்கிட்டால் ஒரு லட்சத்துக்கு 3,000 ரூபாய். தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் தவணைக்குள் கட்டுவோரிடம் பயிர்க்கடன் வட்டியே வாங்குவதில்லையாதலால், அங்கே இழப்பு இன்னும் பெரிது. இதில் கட்டியவர் பேரில் குற்றமில்லை. எழுத்தர் பேரிலும் குற்றமில்லை. ஓர் ஏட்டிலிருந்து மற்றோர் ஏட்டுக்குச் செய்தி சென்ற விதத்திலேதான் கோளாறு. அவ்விதத்தைப் பற்றி அங்கத்தினர்களும் நிர்வாகக் குழுவினரும் ஓரளவேனும் அறிந்திருத்தல் நலம் என்று கருதியே இதனை எழுதலானோம்.

நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினி மயமாக்க மத்திய அமைச்சரவை 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இசைவு அளித்தது. அதற்கென அப்போது ஒதுக்கிய தொகை 2,516 கோடி ரூபாய். எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவான ஒரே மென்பொருள், அதை நடத்தும் பொறுப்பு நபார்டு பாங்கினுடையது என்பது ஏற்பாடு. ஆனால் சங்கத்தின் மென்பொருள் ஒன்று மட்டும் நன்றாக இயங்கினால் போதாது. உரம் விற்கும்போது கைரேகை பதியும் கருவி வேறு. அது 2018-ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் உரக்கடைகளில் இருந்துவருகிறது. பாங்கின் கணக்கு வேறு. வட்டி மானியக் கோரிக்கைகளுக்கு 2023-இல் தொடங்கிய கிசான் ரின் இணையதளம் வேறு. சரக்கு சேவை வரிக் கணக்கு வேறு. நெசவாளர் சங்கமாயின் நூல் இருப்பு, கூலிப் பட்டியல், விற்பனை நிலையத்தின் சரக்கேடு என்று இன்னும் சில. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கையால், வெவ்வேறு மொழியில் எழுதப்பட்டவை.

புதுவை மாநிலத்தில் ஒரு வசதி உண்டு. தமிழ்நாட்டில் கிராமச் சங்கத்துக்கும் மாநில பாங்குக்கும் நடுவே மாவட்ட மத்தியக் கூட்டுறவு பாங்கு நிற்கிறது. காரைக்காலில் அந்த நடு அடுக்கு இல்லை. சங்கத்துக்கு மேலே நேராக மாநிலக் கூட்டுறவு பாங்குதான். அதனால் செய்தி கடக்க வேண்டிய படி ஒன்று குறைவு. ஆயினும் படி குறைந்ததால் மட்டும் பாதை செம்மையாகிவிடாது.

இத்தகைய ஆறு மென்பொருள்களை ஒன்றோடொன்று நேரே இணைப்பதாயின் 15 பாதைகள் வெட்ட வேண்டும். பத்தாயின் 45. ஏதேனும் ஒரு மென்பொருளை மாற்றினால் அதனோடு சேர்ந்த பாதைகள் அத்தனையையும் தோண்டிப் புதிதாக வெட்ட வேண்டும். இதற்கு மாற்றாக நடுவே ஒரு செய்தி நிலையத்தை வைத்து, ஒவ்வொரு மென்பொருளும் அந்நிலையத்தோடு மட்டும் பேசுமாறு செய்தால், ஆறுக்கு ஆறு, பத்துக்குப் பத்துப் பாதைகளே போதும். இப்படி நடுவே நின்று செய்தி வாங்கிச் செய்தி கொடுக்கும் மென்பொருளுக்கு இடைநிலை மென்பொருள் என்று பெயர். அதில் செய்திகள் காத்திருக்கும் இடத்தைச் செய்தி வரிசை என்பர். தொழில் தெரிந்தவர் வாயில் ‘மெசேஜ் க்யூ’.

பாதைகளின் எண்ணிக்கை குறைவது இரண்டாம் பட்சமான லாபமே. முதன்மையானது வேறு. தொலைபேசியில் பேசுவதற்கு இருபுறமும் ஆள் இருந்தாக வேண்டும். ஒருவர் வீட்டில் இல்லையெனில் பேச்சே இல்லை. தபாலுக்கு அந்த நிர்ப்பந்தம் கிடையாது. பெட்டியில் போட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். பெறுபவர் வெளியூரிலிருந்து திரும்பியதும் படித்துக்கொள்வார். நேரடி இணைப்பு தொலைபேசியைப் போன்றது. செய்தி வரிசை தபாலைப் போன்றது. பாங்கின் கணிப்பொறி இரவு பராமரிப்புக்காக மூடியிருந்தாலும் சங்கத்தில் வசூல் நிற்க வேண்டுவதில்லை.

கடைமடை விவசாயிக்கு இதை இன்னும் எளிதாகச் சொல்லலாம். மேட்டூரில் திறந்த நீர் அரசலாற்றிலும் நாட்டாற்றிலும் நமக்கு வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவில் வருவதில்லை. முறை வைத்து வருகிறது, சில வேளை மொத்தமாகவும் வருகிறது. ஊர்க்குளம் நிரம்பினால் மதகைத் திறந்து வயலுக்குத் தக்கபடி பாய்ச்சிக்கொள்கிறோம். செய்தி வரிசையும் ஒரு குளமே. தவணை முடியும் நாளில் நூறு வரவுகள் ஒரே மணி நேரத்தில் வந்து விழுந்தாலும், பாங்கின் கணிப்பொறி தன்னால் இயன்ற வேகத்தில் அவற்றை எடுத்துக்கொள்ளும். குளத்துக்குக் கொள்ளளவு உண்டு என்பதையும் மறக்கலாகாது. மதகு அடைத்துக்கொண்டு பல நாள் கிடந்தால் குளம் உடைவதுபோல, எடுப்பாரின்றிச் செய்திகள் குவிந்தால் வரிசையும் நிரம்பிப் புதியனவற்றை ஏற்க மறுக்கும்.

செய்தி பத்திரமாக இருக்கிறது என்பதற்கு என்ன உறுதி? நல்ல இடைநிலை மென்பொருள், வந்த செய்தியை முதலில் அழியாத வட்டில் எழுதிக்கொள்ளும். எழுதிய பிறகே அனுப்பியவருக்கு ‘பெற்றுக்கொண்டேன்’ என்று ஒப்புகை தரும். மின்சாரம் போய்த் திரும்பினாலும் செய்தி அங்கேயே இருக்கும். பிறகு அதைப் பெறுநரிடம் கொடுத்து, பெறுநர் தம் ஏட்டில் பதிந்து ஒப்புகை அளித்த பின்னரே வரிசையிலிருந்து நீக்கும். ஒப்புகை அட்டையோடு கூடிய பதிவுத் தபாலை நினைத்துக்கொள்க. (அந்தப் பதிவுத் தபாலும் 2025-இல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது, ஒப்புகையின் தேவை மட்டும் குறையவில்லை.) 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது டெல்டா மாவட்டங்களில் எத்தனை மின்கம்பங்கள் சாய்ந்தன என்பது நமக்குத் தெரியும். இக்கடற்கரையில் வேலை செய்யும் எந்த ஏற்பாடும் ‘தொடர்பு அறும்’ என்பதை விதியாகக் கொண்டே அமைதல் வேண்டும். அறாது என்று நம்பி அமைத்தலாகாது.

இக்கலை நேற்று முளைத்ததன்று. மும்பையில் பிறந்து அமெரிக்கா சென்ற விவேக் ரணதிவே என்பவர் 1980-களில், பங்குச் சந்தை விலைகளைப் பல கணிப்பொறிகளுக்கு ஒருங்கே அறிவிக்கும் ‘தி இன்பர்மேஷன் பஸ்’ என்னும் மென்பொருளைக் கொண்டுவந்தார்; 1997-இல் தோன்றிய டிப்கோ நிறுவனத்தின் பெயர் அதிலிருந்து வந்ததே. ஐ.பி.எம். நிறுவனத்தின் எம்.க்யூ. 1993-இல் வெளிவந்து இன்றும் பாங்குகளில் உழைத்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு கம்பெனியும் தன் தன் வழியிலேயே செய்தி அனுப்பினால் வாங்குவோர் அந்தக் கம்பெனிக்கே அடிமையாவர் என்று கண்டு, ஜே.பி.மார்கன் பாங்கில் ஜான் ஓஹாரா 2003-இல் பொது நெறிமுறை ஒன்றை வகுக்கத் தொடங்கினார். அது 2014-இல் சர்வதேசத் தரமாயிற்று. அந்நெறிப்படி 2007-இல் எழுந்தது ராபிட் எம்.க்யூ. லிங்க்ட்இன் நிறுவனம் 2011-இல் பொதுவில் விட்ட காப்கா என்பது மற்றொன்று. அலுவலகக் கதவுகளுக்கு முன் காத்துக் காத்துச் சலித்த மனிதர்களைப் பற்றிக் கதை எழுதியவரின் பெயரைச் செய்தி கொண்டுசெல்லும் மென்பொருளுக்கு வைத்தார்கள். வைத்தவர்களின் குறும்பு வாழ்க! நம் அண்டை நாடான இலங்கையிலும் சஞ்சீவ வீரவரண முதலியோர் 2005-இல் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம், மென்பொருள்களை இணைக்கும் மென்பொருளையே தொழிலாகக் கொண்டு, மூல நிரலை எவரும் காணுமாறு வெளியிட்டு, உலகச் சந்தையில் இடம் பிடித்திருக்கிறது. கொழும்பில் இருந்துகொண்டு இது இயலுமாயின், இத்துறை நமக்கு எட்டாதது என்று கருதக் காரணமில்லை.

ராபிட் எம்.க்யூ., காப்கா போன்றவற்றை உரிமக் கட்டணமின்றியே பெறலாம் என்பதையும் இங்கே சொல்லிவைப்பது நல்லது. சங்கம் தானே விலைக்கு வாங்கும் மென்பொருளில் ‘இணைப்பு உரிமம்’ என்று பெருந்தொகை கேட்கப்பட்டால், எதற்கான உரிமம் என்று நிர்வாகக் குழு வினவ வேண்டும். பராமரிப்புக்குப் பணம் கேட்பது நியாயம், அது உழைப்பு.

இனி முதலாவது சங்கடத்துக்கு வருவோம். ஒப்புகை வரும் வழியில் தொலைந்துவிட்டால் என்ன செய்வது? பாங்கின் கணிப்பொறி 5,000 ரூபாய் வரவை வைத்துவிட்டது. ‘வைத்தேன்’ என்னும் பதில் மட்டும் வழியில் அறுந்துவிட்டது. அனுப்பியவர் பக்கத்தில் நின்று பார்த்தால், செய்தி போகவே இல்லையா, போய்ப் பதில்தான் வரவில்லையா என்பது தெரியாது. மறுபடி அனுப்பாவிட்டால் ஒருவேளை வரவு விட்டுப்போகும். மறுபடி அனுப்பினால் ஒருவேளை இரட்டிக்கும். இதற்குத் தூதர் எவ்வளவு கெட்டிக்காரராயினும் தாமே தீர்வு காண முடியாது. ஆகையால் பெரும்பாலான இடைநிலை மென்பொருள்கள் ‘குறைந்தது ஒரு முறையேனும் சேர்ப்பேன்’ என்றே வாக்களிக்கின்றன. ‘சரியாக ஒரே முறை’ என்று விளம்பரத்தில் கண்டால், அது எந்த எல்லைக்குள் பொருந்தும் என்று கேட்டறிக; அந்த எல்லை பெரும்பாலும் அந்த மென்பொருளின் வாசற்படியோடு நின்றுவிடும்.

தீர்வு பெறுபவர் கையில் இருக்கிறது; அதுவும் நம் எழுத்தர்கள் நூறாண்டாக அறிந்ததே. ‘கணக்கில் 5,000 கூட்டுக’ என்று மட்டும் செய்தி இருந்தால் இரண்டு முறை வந்தபோது இரண்டு முறை கூடிவிடும். ‘ரசீது எண் 417-க்கு உரிய 5,000’ என்று இருந்தால், இரண்டாம் முறை வரும்போது 417 ஏற்கெனவே ஏட்டில் இருக்கக் கண்டு பெறுநர் வாளா இருந்துவிடலாம்; பத்து முறை வந்தாலும் கணக்கு ஒன்றே. ஒவ்வொரு செய்தியும் பிறக்கும் இடத்திலேயே தனக்கென்று மாறாத எண் பெற்றிருக்க வேண்டும். மறுமுறை அனுப்பும்போது புது எண் இடும் மென்பொருள், ரசீதுப் புத்தகத்தில் ஒரே வசூலுக்கு இரண்டு தாள் கிழிக்கும் எழுத்தரை ஒக்கும்.

இந்தச் சங்கடம் பெரிய இடங்களிலும் உண்டு என்பதற்கு நம் கைப்பேசியே சாட்சி. 2016 ஏப்ரலில் தேசியக் கொடுப்பனவுக் கழகம் தொடங்கிய யு.பி.ஐ. முறையில் ஒவ்வொரு பணம் அனுப்புதலும் சில செய்திகளின் போக்குவரவே. கேட்ட பாங்குக்கு ‘உன் கோரிக்கை வந்தது’ என்னும் ஒப்புகை முதலில். ‘பணம் சேர்ந்தது’ என்னும் முடிவு பின்னர், தனிச் செய்தியாக. இரண்டுக்கும் நடுவே அறுந்தால் திரையில் ‘நிலுவையில் உள்ளது’ என்று தோன்றுகிறது. தேநீர்க் கடையில் நின்று பலரும் அதைப் பார்த்து விழித்திருப்போம். இத்தகைய இடைநடு நிலைக்கு ரிசர்வ் பாங்கு 2019 செப்டம்பரில் ஒரு விதி செய்தது. யு.பி.ஐ. மூலம் ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பும்போது கணக்கிலிருந்து பணம் கழிந்து பெறுநருக்குச் சேராவிட்டால், மறுநாளுக்குள் தானாகவே திருப்பப்பட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வாடிக்கையாளருக்கு ஈடு. கேட்டால்தான் என்றில்லை, கேளாமலே தர வேண்டும். நாம் இவ்விதியைப் போற்றுவதற்குக் காரணம், செய்தி வழியில் நின்றதன் சுமையைக் குடிமகன் தலையில் வைக்காமல் நிறுவனத்தின் தலையில் வைத்தமையே. சங்கத்துக்கும் பாங்குக்கும் இடையிலான உடன்படிக்கையில் இதுபோன்ற கெடு எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து, தேதி. முதலில் கூறிய உதாரணத்தின் உயிர்நாடி இதுவே. ஒரு நிகழ்ச்சிக்குத் தேதிகள் இரண்டு: அது நடந்த நாள், அது மற்றோர் ஏட்டில் பதிவான நாள். தந்தி போல உடனுக்குடன் செல்லும் ஏற்பாட்டில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். வரிசையில் காத்திருந்து செல்லும் ஏற்பாட்டில் அவை விலகும். பணம் கட்டிய நாளும் நேரமும் செய்தியின் உள்ளேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்; வட்டியும் தவணையும் அந்த நாளைக் கொண்டே கணக்கிடப்பட வேண்டும். பதிவான நாள் தணிக்கைக்கு உதவும், அவ்வளவே. இதற்குத் தேவையான மென்பொருள் வேலை அற்பம். ஆனால் இணைப்பு அமைக்கும்போதே கேட்டு வாங்காவிட்டால், மார்ச்சு மாத இறுதியில் கேட்டுப் பயனில்லை.

வந்த வரிசையிலேயே செய்திகள் செல்லும் என்று எண்ணிவிடவும் கூடாது. எடுப்பவர் ஒருவராயின் முந்தியது முந்திச் செல்லும். வேகத்துக்காகப் பலர் எடுக்கத் தொடங்கினால், கடன் வழங்கிய செய்திக்கு முன்னே அதைத் திருப்பிக் கட்டிய செய்தி போய் நின்று, ‘இப்படி ஒரு கடனே இல்லையே’ என்று திருப்பப்படலாம். காப்காவில் ஓர் அங்கத்தினருடைய செய்திகள் அனைத்தையும் அங்கத்தினர் எண்ணைக் கொண்டு ஒரே கிளையில் செலுத்தினால் அக்கிளைக்குள் வரிசை பிறழாது. எந்த எண்ணைக் கொண்டு கிளை பிரிப்பது என்பதை மென்பொருள் எழுதுபவர் தாமே முடிவு செய்துகொள்ள விடுதல் தகாது. கணக்குத் தெரிந்தவர் சொல்ல வேண்டியது அது.

அளவைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. உழவர் பேச்சில் நிலம் மாவிலும் வேலியிலும் இருக்கிறது. வருவாய்ப் பதிவேட்டில் எக்டேரிலும் ஏரிலும் இருக்கிறது. படிவங்களில் ஏக்கர் கேட்கிறார்கள். ஒரு மா என்பது 100 குழி, ஏறத்தாழ 13 ஏர்; மூன்று மா சேர்ந்தால் சற்றேறக்குறைய ஓர் ஏக்கர். ‘நிலம்: 3’ என்று மட்டும் செல்லும் செய்தியை மூன்று ஏக்கர் என்று ஒரு மென்பொருளும் மூன்று எக்டேர் என்று மற்றொன்றும் படிக்கும். தூது செல்லும் மென்பொருள் மொழிபெயர்க்க வல்லது. அளவையின் பெயரைச் சொல்லாவிட்டால் அதனால் என்ன செய்ய இயலும்?

நெசவாளர் சங்கங்களுக்கு வேறொரு வகை உதவும். கடன் வரவு ஒருவருக்கு ஒருவர் அனுப்பும் கடிதம். நூல் வந்து இறங்கியது என்பதோ ஊரறியத் தண்டோரா போட வேண்டிய சேதி. இருப்பேடு, கூலிப் பட்டியல், வரிக் கணக்கு மூன்றும் அதைக் கேட்க வேண்டும். நாளை புதிதாக ஒரு மென்பொருள் வந்தால் அதுவும் கேட்க வேண்டும். யார் யார் கேட்கிறார்கள் என்று தண்டோரா போடுபவர் அறிய வேண்டுவதில்லை. கேட்க விரும்புவோர் முன்னதாகப் பெயர் கொடுத்துவைத்தால் போதும். விற்பனை நிலையத்தில் ஒரு புடவை விற்றதும் இதே வழியில் அறிவிக்கப்பட்டால், எந்தக் கரை, எந்த நிறம் போகிறது என்பது மாதக் கடைசிப் பட்டியலுக்குக் காத்திராமல் தறிக்குத் தெரியவரும். இங்கும் ஒரே விற்பனை இரண்டு முறை அறிவிக்கப்பட்டால் இல்லாத தேவைக்குப் பாவு ஓட்டுவோம். ஆகவே மேலே சொன்ன எண் இதற்கும் வேண்டும்.

இறுதியாக, எங்கும் சேராத செய்திகள். அங்கத்தினர் எண் தவறு, கணக்கு மூடப்பட்டது, படிவம் புரியவில்லை என்று பெறுநர் பலமுறை மறுத்த செய்தியை, மற்றவற்றுக்கு வழிவிடும் பொருட்டு வரிசையிலிருந்து ஒதுக்கித் தனிப் பெட்டியில் போடுவது வழக்கம். சேர்ப்பிக்க முடியாத கடிதங்களுக்கு அஞ்சல் துறையார் இட்ட பழைய ஆங்கிலப் பெயரையே, ‘டெட் லெட்டர்’ என்று, இதற்கும் சூட்டியிருக்கிறார்கள். செய்தி அழியவில்லை, ஆகவே மென்பொருள் தன் கடமையைச் செய்துவிட்டது. ஆனால் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கும் கடமை எவருடையது? மென்பொருள் விற்றவர் பாங்கைக் காட்டுவார். பாங்கு சங்கத்தைக் காட்டும். சங்கத்தில் அப்படி ஒரு பெட்டி இருப்பதே தெரிந்திராது. ஒருவருடைய மூவாயிரம் ரூபாய் அதற்குள் கிடக்கும்.

இணைப்பு ஏற்பட்ட சங்கங்கள் ஓர் ஏடு திறக்க வேண்டும் என்பது நமது யோசனை. நாள்தோறும் காலையில் வசூல் தொடங்குமுன், வரிசையில் காத்திருக்கும் செய்திகள் எத்தனை, அவற்றுள் மிகப் பழையது எந்த நாளையது, ஒதுக்குப் பெட்டியில் கிடப்பவை எத்தனை என்று மூன்று எண்களை எழுத்தர் எழுதிக் கையொப்பமிடட்டும். பெட்டியில் ஏதேனும் இருந்தால் அன்றே பாங்குக்கு எழுதி, எழுதிய கடித எண்ணையும் அருகே குறிக்கட்டும். ஒன்றுமில்லை என்றால் பூஜ்யம் என்று எழுத வேண்டும். இடத்தை வெறுமனே விடலாகாது, ஏனெனில் வெற்றிடம் ‘பார்த்தேன், இல்லை’ என்றும் பொருள்படும், ‘பார்க்கவில்லை’ என்றும் பொருள்படும். ஆய்வுக்கு வரும்போது ரொக்க இருப்பை எண்ணுவதற்கு அடுத்தபடியாக அந்த ஏட்டையே கேட்பதாக இருக்கிறோம்.